பின்வரிசைச் சத்தம்

மச்சான்,

போன மாதம் ஒரு மத்தியானம் முதன்முதலாக உன் ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். சற்று நேரத்தில் அந்த வாசனை கிளம்பியது. சூடேறிய தூசி, லேசாகக் கருகும் ஈயம், உள்ளே என்றோ உயிர்நீத்த ஒரு பல்லி, மூன்றும் சேர்ந்து கமழ்கிற வாசனை. இதை மட்டும் சீசாவில் அடைத்து விற்றிருந்தால் நீயும் நானும் இன்று மந்திரிமார் தெருவில் மாளிகை கட்டியிருப்போம். பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அங்கிள், ஏதாச்சும் தீயுதா?" என்றாள். "ஆமாம்மா, என் வாலிபம் தீயுது" என்றேன். சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

நான் இப்போது சுங்கை காடுட் தாமானில், வரிசை வீடொன்றில் இருக்கிறேன். என் சாம்ராஜ்யம் ஒரு கூடம், இரண்டு அறை. மகாராணி பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போய்விட்டாள். எப்போதாவது வந்து சட்டிகளை எண்ணிப் பார்த்து, எதுவும் திருட்டுப் போகவில்லை என்று தெரிந்துகொண்டு, திரும்பிப் போகிறாள். மற்ற நாட்களில் இந்த வீட்டில் பேசுவது நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அதுவும் இரைகிறதே தவிர, பதில் சொல்வதில்லை.

உன் ரப்பர்த் தோட்டத்து வீட்டை நினைத்துக்கொண்டேன். போர்டிக்சன் சாலையில் இறங்கி, மண் பாதையில் போனால் கீழ் லயத்து வரிசையின் கடைசி வீடு. எழுபதுகளில் அந்த லயத்துக்கே முதல் டிவி உன்னுடையது. மின்சாரம் இல்லாத நேரத்தில் என் லோரியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டுவோம். தமிழ்ப் படம் போடுகிற நாளில் உன் கூடத்தில் இடம் கிடைக்காதவர்கள் சன்னலில் தொங்கினார்கள். சன்னல் கிடைக்காதவர்கள், சன்னலில் தொங்கியவர்கள்மேல் தொங்கினார்கள். அந்த வீடு சாயாமல் நின்றதே பெரிய அதிசயம். படம் மங்கினால் ஏரியலைத் திருப்ப வேண்டியவன் நீ என்பதால் எப்போதும் முன்னால் உட்காருவாய். கூட்டத்துச் சத்தமெல்லாம் உனக்கு முதுகுப் பக்கமிருந்தே வந்தது. வில்லன் தலைகாட்டியதும், எங்களை வேலை வாங்குகிற மண்டோரின் பெண்சாதி அவன் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். கதாநாயகி அழுதால் தோட்டமே மூக்கைச் சிந்தும். அந்த மூக்குச் சத்தத்தில் போர்டிக்சன் கடல் இரண்டடி பின்வாங்கும் என்று நான் சொல்ல, "ரெண்டடி பத்தாதுலா, நாலு போடு" என்று நீ திருத்துவாய்.

அப்புறம் ஆட்கள் போய்விட்டார்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு கை வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள், பெற்றவர்கள் அவர்கள் பின்னாலேயே ஏறினார்கள். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, அவளும் உன்னை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் உன் வரிசையில் விளக்கெரிந்த வீடு உன்னுடையது ஒன்றுதான். நான் லோரியில் செம்பனைப் பழக்குலை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீ டிவி முன்னால் ஒற்றையாக உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் கேட்டாய்: "பின்னாடி ஆளில்லாம எப்படிலா படம் பாக்கறது? முதுகு குளுருது."

அந்த வருஷம்தான் உன் மகள் கலா ஜொகூரிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஆபீஸில் கழித்துக்கட்டியது. செங்கல் கனம். படத்தட்டைப் போட்டால் ஓடும், முதுகில் டிவிக்குப் படம் அனுப்ப ஒரு துளை இருந்தது. உன் பழைய பிளேயரை இடி அடித்துக் கொன்றிருந்ததால் அவள் அதைத் தந்தாள். நீயோ, விண்வெளிக் கப்பலையே உன் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாய். அதற்குத் துண்டு போர்த்தி, பக்கத்தில் யாரையும் தும்மவிடவில்லை.

தீபாவளிக்குக் கலா குடும்பம் வருவதாகச் சொல்லியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் காலையில் வருவார்கள், சாப்பிடுவார்கள், பிள்ளைகள் "போரிங்லா" என்று முனகும், வெயில் தாழ்வதற்குள் வந்த காடியிலேயே ஏறிக் கிளம்பிவிடுவார்கள். இந்தத் தடவை அவர்கள் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். உனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சிரம்பானில் புது மெத்தை வாங்கி என் லோரியில் ஏற்றினாய். அது பறந்துவிடாமல் மேலேறிப் படுத்துக்கொண்டு, சிரம்பான் தொடங்கித் தோட்டம் வரை வானத்தைப் பார்த்தபடி வந்த ஒரே மகராசன் நீதான். சாலையில் எதிரே வந்தவர்கள் சவ ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"வாயத் தொறந்து தங்கச் சொல்லுய்யா" என்றேன்.

"கேட்டு இருக்க வைக்கணுமா? அதுங்களுக்கா தோணணும்" என்றாய். "கூடத்துல நாலு பக்கமும் சத்தம் வர்ற மாதிரி தியேட்டர் செஞ்சிட்டா, எந்தப் புள்ள எழுந்து போவும்?"

நாலு பக்கச் சத்தத்துக்கு நகரத்தில் தனிப் பெட்டி விற்றார்கள். நமக்கு அது எதற்கு? உனக்குத்தான் போர்டிக்சன் ரேடியோ கடைச் சீனர் எழுபதுகளிலேயே ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தாரே. முன்னால் இடமும் வலமும் இரண்டு ஸ்பீக்கர் வழக்கம்போல. பின்னால் வைக்கிற இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து, அந்தக் கோவையின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்பு முனையிலும் மறுமுனையை வலது சிவப்பு முனையிலும் மட்டும் மாட்ட வேண்டும். கறுப்பு முனையைத் தொடவே கூடாது. அப்போது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். எது வேறுபடுகிறதோ, அது மட்டும் பின்னால் வரும். காற்று, காலடி, கூட்டத்து இரைச்சல், தூரத்துப் பாட்டு. சீனர் சொன்னதை நீ வேதம் மாதிரி ஒப்பிப்பாய்: "ரெண்டு பக்கமும் சண்ட போடணும். ஒத்துமையா பேசினா, பின்னாடி ஊம."

செத்த ரேடியோ இரண்டை அறுத்து, பிஸ்கட் தகரத்தில் பொருத்தி, ஸ்பீக்கர் செய்தாய். லேப்டாப்பின் காதுமாட்டித் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி இழுத்தாய். பகலை இருட்டாக்க சன்னலுக்கெல்லாம் போர்வை. நான் தலைமை விருந்தாளியாக நடுவில் அமர்த்தப்பட்டேன். படம் ஓடியது. முன்னால் இடியோசை. பின்னால் மயான அமைதி.

"கேக்குதா?"

"முன்னாடிதான் கேக்குது."

"முதுக வச்சிக் கேளுலா!"

முதுகை வைத்துக் கேட்டேன். முழங்கையை வைத்துக் கேட்டேன். என் உடம்பில் காதாக முயற்சி செய்யாத பாகம் இல்லை. தகரத்தைக் கழற்றிப் பார்த்தாய், சரியாக இருந்தது. கம்பி மாற்றினாய். லேப்டாப்பைத் திட்டினாய். அதற்கு மரியாதை கொடுத்து "நீங்க" என்று கூப்பிட்டும் பார்த்தாய். தீபாவளி நெருங்க நெருங்க உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "தாத்தா சும்மா சொன்னாருன்னு ஆயிடும்லா" என்றாய்.

தப்பு எங்கே இருந்தது என்று நினைவிருக்கிறதா? கோயில் திருவிழாவில்! முதன்முதலாக ஸ்டீரியோ கேசட் வந்த வருஷம், ஒலிபெருக்கி வேலை உன்னுடையது. மேல் லயத்துத் தென்னையில் ஒரு குழாய், கீழ் லயத்துத் தென்னையில் ஒரு குழாய். மேல் லயத்துக்குப் போனது தவில் மட்டும். கீழ் லயத்துக்கு நாயனம் மட்டும். "அம்மன் அவங்களுக்கு மட்டுந்தான் ஊதறாளா?" என்று மேல் லயம் உலக்கையோடு இறங்கி வந்தது. அந்தச் சண்டையின் இரைச்சலில் கெமாஸ் சந்திப்பில் ரயில்கள் தடம் மறந்து நின்றதாக இன்றும் சொல்லிவருகிறேன். கங்காணி தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் போவணும். கூடக் கொறச்சல் இருந்தா உன் குழாய ஒடச்சிப்புடுவேன்." அன்று முதல் எந்தக் கம்பி கையில் கிடைத்தாலும் இடதையும் வலதையும் சேர்த்து முறுக்கிவிடுவது உன் விரல்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாண வீடு, சாவு வீடு, எங்கும் நீதி வழுவாத சத்தம்.

லேப்டாப் கம்பியையும் அதே நீதியோடு முறுக்கியிருந்தாய். இரண்டு பக்கமும் ஒத்துமையாகப் பேசின. பின்னால் ஊமை.

மேசைக்கடியிலிருந்து உன் சிரிப்புதான் முதலில் வந்தது. "மச்சான், கங்காணி செத்து எத்தன வருஷமாச்சி! இன்னும் அந்தாளு பயத்துல முறுக்கிட்டேன்லா!" முறுக்கைப் பிரித்து, இடது வேறு வலது வேறாக மாட்டினாய். பிஸ்கட் தகரத்திலிருந்து காற்று வீசியது மச்சான். என் பிடரி மயிர் ஆடியது என்று நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கொல்லையில் கோழிகள் புயல் என்று நினைத்துக் கூண்டுக்குள் ஓடின.

தீபாவளியன்று பிள்ளைகள் வந்தார்கள். சாப்பிட்ட கையோடு "போரிங்" தொடங்குவதற்குள் நீ போர்வைகளை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டாய். சின்னவள் சட்டென்று திரும்பினாள். "தாத்தா, பின்னாடி யாரோ நடக்கறாங்க!" நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்து போய்த் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியவன் கண் இமைக்கவில்லை. உன் முகத்தை அந்த இருட்டிலும் பார்த்தேன். அதற்கு லயத்து விளக்கெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது. இந்த இடத்தில் நான் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை.

பாதிப் படத்தில் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலா எழுந்தாள்.

"அப்பா, இப்ப கெளம்பினாதான். ஹைவே ஜாம் ஆயிடும்."

"படம் முடியலியேம்மா."

"அடுத்த தடவ மிச்சத்தப் பாக்கறோம்பா." உள்ளே பையை எடுக்கப் போனவள் மெத்தையைப் பார்த்துவிட்டாள். புது உறை, மேலே இரண்டு சின்னத் தலையணை. வாசற்படியில் நின்று, "இதெல்லாம் எதுக்குப்பா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நாளைக்கு இவருக்கு வேலை" என்றாள்.

"சும்மா கெடந்திச்சி, உற மாத்தினேன்" என்றாய். நான் உன் காலை மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். சின்னவள் அழுதுகொண்டே காடியில் ஏறினாள்.

காடி மண் பாதையில் மறைந்த பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தோம். நீ படத்தை நிறுத்தவும் இல்லை, போர்வையை விலக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. காடிக் கதவு சாத்துகிற சத்தம். ஒரு குழந்தையின் சிரிப்பு. நீ விருட்டென்று எழுந்து, ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்துவிட்டாய்.

"திரும்பி வந்துட்டாங்க மச்சான்!"

வெளியே வெயிலும் செம்பனையும்தான் இருந்தன.

"படம், மச்சான்" என்றேன்.

உன்னைக் கேலி செய்ய எத்தனையோ தருணம் கிடைத்திருக்கிறது; ஒன்றையும் நான் வீணாக்கியதில்லை. அன்று மட்டும் ஒன்றை வீணாக்கினேன். நீ கதவைச் சாத்தாமலே வந்து உட்கார்ந்தாய். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் உனக்குப் பின்னால் போட்டேன். குவாசிப் பொட்டலத்தைப் பிரித்து, விதையை ஒவ்வொன்றாகக் கடித்துத் தோலைத் துப்பினேன். வில்லன் வந்தான். மண்டோர் பெண்சாதியின் குரலெடுத்து அவன் ஏழு தலைமுறையையும் இழுத்தேன்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. "வாய மூடுலா, வசனம் கேக்கல" என்றாய். உன் தோள் கொஞ்சம் இறங்கியது.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானமெல்லாம் என் உத்தியோகம் அதுதான். உன் பக்கத்தில் ஒரு நாளும் உட்காரவில்லை. இருமினேன், கொட்டாவி விட்டேன், கதாநாயகனுக்குப் புத்தி சொன்னேன், கைக்குழந்தையாக அழவும் அழுதேன். ஒரு தோட்டத்து ஜனத்தொகையை ஒருவனாக நின்று சமாளித்தேன். நீ ஒவ்வொரு தடவையும் வாயை மூடச் சொன்னாய். நான் மூடியிருந்தால் உனக்குப் பொறுத்திருக்காது.

தோட்டத்தைக் காலி செய்யச் சொன்னதும் கலா உன்னை ஜொகூருக்கு அழைத்துப்போனாள். நல்ல பெண், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் போன் செய்தாய். "மாப்பிள்ள அஞ்சு ஸ்பீக்கர் வச்சிருக்காருலா. ஹெலிகாப்டர் தலைக்கு மேல போவுது. எல்லாம் இருக்கு. பின்னாடி ஒருத்தனும் திட்ட மாட்டேங்கறான்." வருகிறேன் என்றேன். வந்தேன், ஆனால் உன்னைத் தூக்குகிற அன்றைக்கு. கலா இந்த ஆம்ப்ளிஃபையரை என் கையில் கொடுத்து, "மாமா, இத வச்சிக்குங்க. எங்க வீட்ல யாருக்கும் மாட்டத் தெரியல" என்றாள்.

இப்போது என் மகன் விட்டுப்போன லேப்டாப்பை இதில் மாட்டிப் படம் பார்க்கிறேன். கூடத்தின் சுவரோரமாக, கடைசியில்தான் உட்காருகிறேன். படத்தில் எவனாவது முட்டாள்தனம் செய்தால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் பழகிவிட்டாள். இப்போது சன்னலைச் சாத்துவதில்லை.

திட்டி முடித்ததும் படத்தைச் சற்று நிறுத்துகிறேன். வாயை மூடச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம். பிறகு மறுபடி ஓடவிடுகிறேன்.