ஊசி எழுந்த காலை

எத்தனை தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் வாடை போகவில்லை, அப்பா. உங்கள் சட்டையில் வருமே, இனிப்பும் இரும்பும் கலந்த மாதிரி, அதே வாடை. நேற்று நம் டாக்ஸிக்குத் தெர்மோஸ்டாட் மாட்டிவிட்டோம். ஆமாம், நீங்கள் கழற்றி எறிந்தீர்களே, அதே சாமான்தான், புதுசு.

அன்றைக்குப் பழனியிலிருந்து நம் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மொட்டையும் சந்தனமுமாக ஒரு குடும்பம். பாதி மலையில் பானெட்டிலிருந்து ஆவி. இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டிய அந்தச் சின்ன வால்வு, மூடினதோடு சரி, திறக்கவே இல்லை. வண்டி ஆறும்வரை காத்திருந்து, ரோட்டோரத்திலேயே அதைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினீர்கள். "மலையேறுற வண்டிக்கு இது எதுக்கு? தண்ணி அது பாட்டுக்கு ஓடட்டும்." நம் டாக்ஸி ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

அதற்கப்புறம் வண்டி கொதிக்கவே இல்லை. சூடாகவும் இல்லை. சூட்டைக் காட்டும் ஊசி அடியிலேயே படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் 'அசையாச் சொத்து' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். திட்டுவீர்கள் என்று பார்த்தால், ஸ்டாண்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். ஹீட்டரைப் போட்டால் ஐஸ் காற்று வந்தது.

"சூடு சொரணை இல்லாத வண்டிப்பா."

"ஏ வாலு, வண்டிக்கு எதுக்குடி சொரணை? ஓட்டுறவனுக்கு இருந்தாப் போதும்."

நீங்கள் போன பிறகு அம்மா ஓட்டுகிறாள். டூரிஸ்ட் இல்லை, வில்பட்டியிலிருந்து டவுன் ஸ்கூலுக்குப் பிள்ளைகள். வெள்ளனே கிளம்பினால், இன்ஜினில் சூடு ஏறுவதற்குள் ஸ்கூல் வந்துவிடும். உள்ளே அத்தனை பிள்ளைகளின் மூச்சில் கண்ணாடி பால் ஊற்றினது போல் ஆகிவிடும். முன்சீட்டில் உட்கார்ந்து துணியால் துடைப்பது என் சோலி. வெளியே ஒரு வைப்பர், உள்ளே ஒரு வைப்பர்.

போன வாரம், துடைத்த இடத்துக்கும் துடைக்காத இடத்துக்கும் நடுவில் ஒரு மாடு முளைத்தது. அம்மா போட்ட பிரேக்கில் டிபன் பாக்ஸ் எல்லாம் முன்னால் பறந்து வந்தன. மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்கக்கா. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா புள்ளைய பஸ்ல அனுப்பிருவேன்." அவர் அனுப்பினால் மற்றவர்களும் அனுப்புவார்கள். அந்த டிரிப்பில்தான் நம் வீடு ஓடுகிறது.

புதுத் தெர்மோஸ்டாட் மாட்டினால் ஹீட்டரில் சூடு வரும், கண்ணாடி தெளியும் என்று சொன்ன ஸ்டாண்ட் மெக்கானிக் செல்வம் மாமாவே தயங்கினார். "அண்ணன் கையால கழட்டுனது மதினி. மாட்டத்தான் வேணுமா?"

அம்மா டிரைவர் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். உங்கள் அளவுக்கு வைத்த சீட்டைக்கூட முன்னால் இழுக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து ஓட்டுகிறவள். அவளே சொன்னாள்: "அவரு ஏத்தத்துல ஓட்டுனாரு. நான் குளிர்ல ஓட்டுறேன். மாட்டுங்க தம்பி."

மாட்டும் முன், சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, மாமா அதைக் கம்பியில் கட்டி, ரசச் சட்டியில் கொதிக்கும் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தது. "பசிக்குது போல, சோறு போடும்மா" என்றேன். "சட்டிய நீதான் விளக்குற" என்று உள்ளே போய்விட்டாள். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிங் பக்கம் இன்ஜினுக்குள் இருக்கும்படி வைத்து, தண்ணீர் கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் போட்டு மாமா இறுக்கினார். நான் கூலண்ட் ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டுக் குமிழி அடங்கும்வரை நின்றோம்.

இன்று காலை, பிள்ளைகளோடு போகும்போது, ஊசி எழுந்தது. இந்த வண்டியில் அது எழுந்து அம்மா பார்த்ததே இல்லை.

"ஏ புள்ள, கொதிக்குதுடி! எல்லாரும் எறங்குங்க!"

ஓரங்கட்டி, பிள்ளைகளை இறக்கிச் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டாள். மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆவி வருதா?"

"இல்ல மாமா."

"ஊசி எங்க நிக்குது?"

"நடுவுல."

"அட, அதான் அதோட எடம்! வெரசா போங்க மதினி, பெல் அடிச்சிருவாங்க."

மறுபடி ஏறினோம். ஹீட்டரைத் திருகினேன். வெதுவெதுவென்று காற்று வந்தது. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "அக்கா, இனிமே எதுல படம் வரையுறது?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

துடைக்கும் வேலை போனதால் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன். அம்மாவையும் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், உங்களைப் போலவே, ஒரு குட்டி ஹாரன். "கண்ணு தெரியாத எடத்துல நாமதான் மொதல்ல சொல்லணும், வர்றோம்னு" என்பீர்கள்.

சாயங்காலம் பால் வாங்க நடந்து போனேன். நல்ல பனி. கடைக்குத் திரும்பும் வளைவில் என் வாய் தானாக, ஹாரன் போல, "பாம்" என்றது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். எதிரே யாரும் வந்ததில்லை. ஹாரன் அடித்துவிட்டு, பதிலுக்கு ஒன்று வருமா என்று ஒரு நொடி நின்றுதான் வளைவில் திரும்புகிறேன்.