இரண்டாவது ஆதாரம்

மெரிலேண்ட்ஸ், சிட்னி. 2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு, பிற்பகல் 3.20. நீங்கள் "அடுத்த வருசம் வாறன்" என்று சொன்ன தடவைகள்: இருபது.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், உங்கள் மருமகள் ஷாமினி, அம்மா மூவரும் சுகம். ஆபிரிக்காவில், லுசாக்காவில் நீங்களும் சுகம் என்று கேள்வி. ஆனால் அதைச் சொன்னது நீங்கள் ஒருவர் மட்டும் என்பதால் இன்னும் உறுதியாகவில்லை. ஊர் வழக்கத்தில் தகப்பன்தான் தூரத்துப் பிள்ளைக்கு இப்படிக் கடிதம் எழுதுவார். நம் வீட்டில் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வயது அறுபத்தாறு, புத்தி சொல்லும் தகப்பனுக்கு இருபத்தொன்பது. தொலைபேசியில் வருவது பேச்சு, கடதாசியில் வருவதுதான் செய்தி என்பது உங்கள் கொள்கை, ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

முதலில் புத்திமதி. ஆறு மணிச் செய்திக்காக நாலு மணிக்கே எழும்பி வெறும் வயிற்றில் கோப்பியை ஊற்றிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் உட்கார வேண்டாம். பிரஷர் குளிசையை அன்றன்றைக்கே விழுங்கவும், அது இடமில்லை என்று நாளைய பதிப்புக்குத் தள்ளிவைக்கும் கட்டுரை அல்ல. கிற்வேயில் சுரங்கத் தொழிலாளர் வாசிக்கும் பத்திரிகையில் பிழை திருத்துபவராகத் தொடங்கி, துணை ஆசிரியராகி, பிறகு லுசாக்காவில் வானொலிச் செய்தி ஆசிரியராகி, இரண்டு தடவை பிரியாவிடை விருந்து சாப்பிட்டு, இரண்டு தடவையும் அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போன மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நாற்பத்தொரு வருடம். சனாதிபதிகள் கூட வந்து போய்விட்டார்கள், நீங்கள் போகவில்லை. இப்போது நீங்கள் செய்தி வாசிக்கிற அந்தச் சின்ன வானொலிக்காரர் அடுத்த வருடத் தேர்தல் முடியுமட்டும் நில்லுங்கள் சேர் என்றார்களாம், சேர் தலையாட்டிவிட்டாராம். தேர்தல் ஆகஸ்டில். எங்கள் குழந்தை பிறக்கப்போவது மார்ச்சில். கணக்கு உங்களுக்கு விளங்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். என் பரீட்சை முடிவு, முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாமே உங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தன, அதனால் வாழ்க்கையில் ஒரு செய்தியாவது உங்களுக்கு முதலில் வரட்டும் என்று போன ஞாயிறு அம்மாவுக்கும் சொல்லாமல் உங்களை அழைத்தேன். ஷாமினிக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது, பன்னிரண்டாம் கிழமை ஸ்கேன் முடியும் வரை ஒருவருக்கும் மூச்சுவிட வேண்டாம் என்றேன். நீங்கள் "அப்பிடியோ, நல்லது" என்றீர்கள். தபால் விலை கூடிவிட்டது என்று சொன்னாலும் அதே குரலில்தான் அதையும் சொல்லியிருப்பீர்கள். வைத்துவிட்டீர்கள். வைத்த கையோடு, இங்கே அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்த, டூங்கபியில் இருக்கிற சத்தியபாமா அன்ரியை அழைத்து, கவினேஷ் வீட்டில் ஒரு செய்தி என்று அறிகிறேன், உங்களால் அதைத் தனியாக உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் வாசிக்க மாட்டேன் என்ற உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். நான் நெட்வேர்க் பொறியியலாளன், நாங்களும் எதற்கும் இரண்டு பாதை வைப்போம். ஆனால் இரண்டாவது பாதையாக நூற்றெண்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவின் தலைவியை ஒருவரும் வைப்பதில்லை. அன்ரி அம்மாவைக் கேட்டார், அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த நாள் அன்ரியே மீன் சொதியோடு எங்கள் கதவில் வந்து நின்று ஷாமினியிடம், "பிள்ளை, காலமையில சத்தி, தலைச்சுத்து ஏதும் இருக்கோ? ஆபிரிக்காவிலயிருந்து ஒரு கதை வந்தது" என்றார். அன்றிலிருந்து மூன்று நாள் ஷாமினி என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். எங்கள் வீட்டில் அது போர்ப் பிரகடனம்.

அம்மா வேறு, பக்கத்துத் தெருவில் இருக்கிற தனக்கு லுசாக்கா சுற்றியா செய்தி வரவேண்டும் என்று கேட்டுவிட்டு என் குசினியில் இறால் உடைக்க உட்கார்ந்தார். நான் உங்களை ஏசத் தொடங்கினேன். பேரப்பிள்ளைக்கே சாட்சி கேட்கிற மனிதர் எனக்கு வேண்டாம் என்றேன், இன்னும் கொஞ்சம் கூடவும் சொன்னேன். அம்மா கையைக் கழுவினார்.

"அந்த மனுசனை ஏசாத, தம்பி. உன்ர சாவுச் செய்தியை முதல் கேட்டது அவர்தான்."

பிறகு சொன்னார். நான் பிறந்த அன்று நீங்கள் செய்தி சேகரிக்க ஒரு நாள் பயணத் தூரத்தில், லிவிங்ஸ்ரனில் நின்றீர்களாம். கிற்வே ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ பெயரை மாற்றிச் சொல்லி, குழந்தை தவறிவிட்டது என்று பத்திரிகை அலுவலகத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து உங்களுக்கு வந்ததாம். நீங்கள் அதை நம்பிச் சோள லொறியில் ஏறி வந்தீர்களாம், வழியில் ஒரு தச்சனிடம் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டியும் செய்வித்துக்கொண்டு. ஆஸ்பத்திரி வாட்டுக்குள் வந்தபோது நான் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தேனாம். தவறியது பக்கத்துக் கட்டிலில் இருந்த சுரங்கத் தொழிலாளியின் குழந்தை. பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் நீங்கள் என்னைக் கீழே வைக்கவில்லையாம். அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு ஆதாரச் சட்டம்.

நாற்பத்தொரு வருடம் ஊர்ச் செய்தியெல்லாம் வாசித்தவர் இதை மட்டும் எனக்கு வாசிக்கவில்லை. அதற்கும் இரண்டாவது ஆதாரம் தேடினீர்களோ தெரியாது. கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பாதிதான் போயிருக்கிறது. இதைக் கேட்ட ஷாமினி ஒரு முழு நாள் யோசித்துவிட்டு, பாவம், மாமாவுக்கு ஆதாரத்தை நல்லபடியாகக் காட்டுங்கள் என்று தமிழிலேயே சொன்னாள்.

உங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, ஆனாலும் கடவுள் உங்களுக்கு நல்ல தொண்டையையும் வேலையை விடுகிற புத்தியையும் தரட்டும். குளிசையை மறக்க வேண்டாம். நான் செய்யப்போவது:

1. முதல் ஸ்கேன் படம் இதற்குள் இருக்கிறது. கடலை அளவில் தெரிவதுதான் ஆள். முதல் ஆதாரம்.
2. இருபத்திரண்டாம் தேதி பிற்பகல் இரண்டரைக்கு அந்தப் பன்னிரண்டாம் கிழமை ஸ்கேன். அங்கே அப்போது காலை ஆறரை, உங்கள் ஆறு மணிச் செய்தி முடிந்திருக்கும். தொலைபேசியைப் பிடிக்கிறேன், துடிப்பை உங்கள் காதாலேயே கேளுங்கள். இரண்டாவது ஆதாரம்.
3. சத்தியபாமா அன்ரியின் எண்ணை உங்கள் தொலைபேசியிலிருந்து நீக்குவேன். இங்கிருந்தே செய்ய எனக்குத் தெரியும்.
4. மார்ச்சில் சிட்னி விமான நிலையத்தில் நிற்பேன். நீங்கள் வருவதற்கு உங்கள் வாய்ச்சொல் என்ற ஒரே ஆதாரம்தான் இருபது வருடமாக என்னிடம் இருக்கிறது. கதவு திறந்து உங்கள் முகம் தெரிந்தால் நம்புவேன். இந்த முறை பெட்டி வேண்டாம், வெறும் கையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உயிரோடு இருப்பதாக இரு தரப்பாலும் உறுதி செய்யப்பட்ட மகன்
கவினேஷ்