சாயம் தோய்த்த சாட்டை

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சிலுவைப்பாடு நாடகத்துக்கு முதல் ஒத்திகை. சாட்டையை எடுக்கக் குனிந்தேன். நான் போட்டிருந்த ரோமச் சேவகன் பாவாடை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. பாடகர் குழுப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "ரோம ராஜ்ஜியம் ஏன் விழுந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது," என்றார் நாடகம் நடத்தும் பாட்டு வாத்தியார். கறிக்கடைக்காரன், கை பருமன் என்று இயேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகனாக என்னைச் சேர்த்தார்கள். தொப்பையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இயேசு வேடம் என் மாப்பிள்ளைக்கு. மெல்லிய குரல், கலங்கின மாதிரிக் கண். சாட்டை வெறும் கம்பளி நூல், சிவப்புச் சாயத்தில் முக்கியெடுத்தது. முதுகில் கோடு விழும், வலிக்காது. நான் வீசியதைப் பார்த்து வாத்தியார், "ஐயா, ஈ ஓட்டாதீங்க," என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

மகள் வந்திருந்தாள். தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. அவள் அம்மா ரவிக்கைக் கையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்ப்பா."

வழுக்கினால் தோளில் நாலு விரலும் பதியுமா?

"யாரு?" என்றேன்.

"வேற யாரு. ஜெபம் பண்ணிட்டுத்தான் அடிப்பாரு. முடிச்சதும் அழுவாரு."

"இங்கயே இருந்துடு."

"நாடகம் முடியட்டும்ப்பா. இப்ப வந்தா, இயேசுவையே விட்டுட்டு வந்தவன்னு என்னத்தான் பேசுவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். போய்விட்டாள். நான் போகவிட்டேன்.

மார்ச் 18, புதன்

அந்தப் பயலை—

தொடையெலும்பை ரெண்டாக வெட்ட வேண்டியது, நொறுங்கிப்போயிற்று. "அண்ணே, சூப்புக்குத்தான் கேட்டேன், பவுடருக்கு இல்ல," என்றார் வாங்க வந்தவர்.

மார்ச் 29, ஞாயிறு

சுவிசேஷங்களைப் புரட்டினேன். சாட்டையடி ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அடித்தவனுக்குப் பெயரில்லை. வீட்டுக்குப் போய்க் கை கழுவியிருப்பான், சாப்பிட உட்கார்ந்திருப்பான், பிள்ளை மடியில் ஏறியிருக்கும். நானும் தினம் அப்படித்தானே கை கழுவுகிறேன். ஆண்டவர் அவனையும் மன்னித்துவிட்டார். சரி. அவன் மகளை எவனாவது அடித்திருந்தால் அவன் மன்னித்திருப்பானா?

ஏப்ரல் 2, வியாழன்

கடையில் ஆடு கட்டும் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்தேன். நுனியில் முடிச்சு போட்டேன். சாயத்தில் ஊறவைத்தேன். பார்த்தால் கம்பளி நூல் மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அடித்தேன்.

முதல் அடியிலேயே திரும்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது. கத்தினால் வேடம் கலைந்துவிடும். தூணைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தான். வாங்கு வாங்கென்று வாங்கினேன். தோல் பிய்ந்தது. சாயமும் ரத்தமும் சேர்ந்து இறங்கின, எது எதென்று எனக்கே தெரியவில்லை. சபை விசும்பியது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அவனுக்காக! வாத்தியார் திரை மறைவிலிருந்து அபாரம் என்று கை காட்டினார்.

மகள் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாள். ஏதோ நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்குப் பைத்தியமாப்பா? ஒவ்வொண்ணா எண்ணிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் இதெல்லாம் யார் முதுகுல விழும்?"

நெற்றியில் அறைந்துகொண்டேன். இது ஏன் உனக்குத் தோன்றவில்லை, எருமைமாடே?

போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சேவகன் உடுப்போடே மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

ஏப்ரல் 4, சனி

காலையில் வந்தான். மகளை உள்ளே விட்டு அவள் அம்மா தாழ்ப்பாள் போட்டாள். நான் வாசலில் நின்றேன்.

"அவளை அனுப்புங்க மாமா."

"வரமாட்டா மாப்பிள்ளை."

"நேத்து என்ன பண்ணீங்கன்னு சபையில சொல்லட்டுமா?"

"போதகர்கிட்ட நானே சொல்லிட்டேன். எதுக்குன்னும் சொல்லிட்டேன்."

அறைந்தான். பிறகு குத்து. உதடு கிழிந்தது, பல் ஒன்று ஆடியது. விழுந்தேன், விலாவில் உதைத்தான், இரண்டு தரம். எழுந்து கதவை மறைத்து நின்றேன், கைகளைப் பின்னால் கோர்த்துக்கொண்டு. மறுபடி குத்தினான். தெரு கூடிவிட்டது. நேற்று அவனுக்காக அழுதவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அவன் பார்த்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆண்டவர் எழுந்துவிட்டார். எனக்குத்தான் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

மகள் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். இனி அங்கே போகமாட்டாளாம். அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. என் உதட்டில் மருந்து தடவினாள்.

"உங்க கைக்கு அவரு ஒரு அடி தாங்குவாரா? ஏம்ப்பா திருப்பி அடிக்கல? இயேசு மாதிரி நிக்கணும்னா?"

"வயசாயிடுச்சும்மா. நான் கை ஓங்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள அவன் மூணு போட்டுட்டான்."

சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அவளிடம் சொல்லாதது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை, மூன்றாவது அடிக்குப் பிறகு எனக்கு அவள் நினைவே இல்லை. அடிப்பது இனித்தது.