பத்து மூச்சும் காரியின் வலக்கையும்

வறட்சி அறியாத வயல்களும் வாசல் அடைக்காத ஊர்களும் உடைய வெண்மணல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் பெருந்தேவியார் வெண்கோதை நாச்சியாரின் திருவடிகளுக்கு, தலைநகரில் அரச முத்திரை காக்கும் ஓலைநாயகம் அழிசி நெடுங்கீரன் நிலந்தோய வணங்கி எழுதுவது. தென்திசைப் பாசறையில் தேவியார் நலமும் படையின் நலமும் ஓங்குக. இங்கே அடியேன் நலமாக இல்லை. எழுத்தாணி கிழித்து இரண்டு ஓலைகள் பாழாயின, இது மூன்றாவது.

சென்ற ஆண்டு தேவியார் ஓர் ஆணை பிறப்பித்தீர்கள். ஓலைநாயகம் முதல் மதகுக் காவலர் வரை அரசாணையைக் கையாளும் எவரும், பத்து மூச்சு அசையாதிருந்து, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனித்து, அதன்பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அது. ஓயாத பரபரப்பில் அதிகாரிகளுக்கு உறக்கமும் நிதானமும் கெட்டுவிட்டன என்று காரணமும் உரைத்தீர்கள். அடியேன் அவையில் தலையாட்டிவிட்டு வீட்டில் சிரித்தேன். தானாக வரும் மூச்சுக்கு அரசாணை எதற்கு என்று மனைவியிடம் கேலி பேசினேன். ஓரிரு நாள் முயன்றதும் உண்டு; மூன்றாம் மூச்சிலேயே மனம் நேற்றைய வாக்குவாதத்துக்கு ஓடிவிடும்.

உருகிய அரக்கு முத்திரைக்குப் பதமாகவும் அதே பத்து மூச்சு நேரம் ஆகும். அதற்கும் குறுக்குவழி கண்டேன். எழுத்தர்களை ஏவிப் பத்து ஓலைகளில் வரிசையாக அரக்கைச் சொட்டவைத்தேன். கடைசி ஓலைக்கு வரும்போது முதல் ஓலை பதமாயிருக்கும். காத்திருக்கவும் வேண்டாம், மறுமுறை படிக்கவும் வேண்டாம். ஒரே நாளில் எழுபது ஓலை முடித்தேன் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அந்த வரிசையில் இரண்டு ஓலைகள் இருந்தன. ஒன்று, மேலைக்கால்வாயின் வறண்ட படுகையில் மாட்டுச்சந்தை கூட்ட இசைவு. மற்றொன்று, அதே கால்வாயில் நீர்விடப் பேரேரியின் மதகைத் திறக்க ஆணை. இரண்டிலும் என் கையாலேயே முத்திரை விழுந்தது.

மதகுக் காவலன் காரிக்கு அவ்வோலை கிடைத்தது மூடுபனி விலகாத விடியலில். சந்தைக்கூட்டம் முந்தைய மாலைதான் படுகையில் வந்து இறங்கியதை அவன் அறியான். முத்திரை கண்ட ஓலையைக் கேள்வி கேட்பது நம் நாட்டில் குற்றம், அவன் கேட்கவுமில்லை. மதகுக் கயிற்றைப் பற்றியபடி, தேவியார் ஆணைப்படி அசையாதிருந்தானாம். ஆறாம் மூச்சில் கீழே பனிக்குள்ளிருந்து மாட்டுமணி கேட்டதாகவும், ஏழாவதில் குழந்தையொன்று அழுததாகவும், எட்டாவதைத் தான் எண்ணவேயில்லை என்றும் என்முன் நின்று கூறினான். கயிற்றை இறுகக் கட்டிவிட்டுச் சந்தைக்காரரைக் கரையேற்றி, முத்திரையை மீறிய வலக்கையை ஒப்படைக்கத் தானே நடந்து வந்திருக்கிறான். நானூறு பேர் அப்படுகையில் உறங்கினர் தேவியே! நானூறு பேர்!

சட்டப்படி நாளை உச்சிப்பொழுதுக்குள் அவன் வலக்கை வெட்டப்பட வேண்டும். அவ்வாணைக்கு முத்திரையிட வேண்டியவன் அடியேன். எழுத்தர் வழக்கம்போல் அரக்கைச் சொட்டிவைத்துக் காத்திருந்தார். இன்றுதான் முதன்முறையாகப் பத்து மூச்சையும் எண்ணி முடித்தேன். அமைதி வரவில்லை, அச்சம்தான் வந்தது. அதில் பாதி என் பதவியைப் பற்றியது என்பதும் தெரிந்தது. வெட்கினேன். அசையாமலே இருந்தேன். அதற்குள் அரக்கு இறுகிப்போயிற்று.

முத்திரையை மீறியவனை மன்னிக்க அடியேனுக்கு அதிகாரமில்லை. முத்திரையில்லாத் தண்டனையை நிறைவேற்ற எவருக்கும் அதிகாரமில்லை. ஆதலால் வழியிலுள்ள சாவடிகள் யாவும் இவ்வோலை கொணரும் குதிரைவீரனைத் தடையின்றி விடுக. காரிக்கு மன்னிப்பும் அடியேனுக்குத் தண்டனையும் தேவியார் திருவாக்கால் வருக.

இவ்வோலையில் அரக்கு இல்லை. அடியேனின் பெருவிரல் பதிவு மட்டுமே உண்டு. அரச முத்திரையைப் பட்டில் முடிந்து இத்துடன் அனுப்பியுள்ளேன். தேவியார் அதைத் திருப்பி அனுப்பும் வரை, காரியின் வலக்கை காரியிடமே இருக்கும்.