வெறும் உறையாம்!

அன்புள்ள அம்மாவுக்கு கார்குழலி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். கோபம்தான் செரிக்கவில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவர், நாங்கள் சேர்ந்து எழுதும் கட்டுரையிலிருந்து என் எட்டு மாத வேலையைத் தூக்கிவிட்டார். "கொழுப்பு வெறும் உறை, வேலையெல்லாம் புரதம்தான் செய்கிறது" என்கிறார். எப்படி அம்மா வெறும் உறையாகும்? நரம்பு முனையில் கொழுப்புச் சவ்வாலான பொடிப்பொடிப் பைகள் இருக்கின்றன. செய்தி சொல்லும் ரசாயனத்தைக் கொட்டியதும் பை நரம்பின் வெளிச்சவ்வோடு கலந்துவிடும். அதை உள்ளே இழுத்து மறுபடி பையாக்க, சவ்விலுள்ள ஒரு கொழுப்புதான் இடம் காட்டுகிறது. அதைக் குறைத்துப் பார்த்தேன். பைகள் திரும்பவில்லை, கொஞ்ச நேரத்தில் நரம்பு ஊமையாகிவிட்டது.

பெரிய மார்க்கெட்டில் ஆட்டோ நாகராஜிடம் நீ கத்துவாயே, "காலிக்கூடை திரும்பி வரலன்னா நாளைக்கு எதுலடா மீன எடுத்துனு வர்றது?" என்று. அதையேதான் ஆய்வகக் கூட்டத்தில் எழுந்து உன் குரலிலேயே கேட்டேன். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பயப்படாதே, வேலை போகவில்லை. கட்டுரையில் என் சோதனைப் படத்தைச் சேர்க்காமல் என் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நெத்திலிக் கருவாட்டுப் பொடி கொஞ்சம் அனுப்பு. நன்றாகக் கட்டு, வாசனை வரக்கூடாது. பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்தே போன் செய். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசாதே. இந்த ஜெர்மனியில் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. நீ யாரையாவது திட்டிக் கேட்டு பத்து மாதமாகிறது.

உன் கார்குழலி