கரி படிந்த வில்லை

மார்ச் 3

வாயாடிக் கண்ணுக்கு,

நீயாவது வேளைக்குச் சாப்பிடுறியா? நான் ஏதோ இருக்கேன். லேப்ல உன்கூட வேலை பாத்த என் பொண்ணு, பாப்பாவோட மேசைச் சாமானெல்லாம் நீ கட்டி அனுப்பின பெட்டி வந்துச்சு. விபத்துல அவ போனதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் அவ வாசனை வீட்டுக்குள்ள வந்திருக்கு.

அதுல காசு மாதிரி ஒரு தங்க நிற வில்லை, நடுவுல கரி அப்பிக் கெடந்துச்சு. "படிச்ச பொண்ணு வெச்சிருக்கற லட்சணமாடி இது"ன்னு திட்டிக்கிட்டே, பாத்திரம் தேய்க்கிற நாரால நல்லா தேச்சுட்டேன். இப்ப அவ போட்டோ முன்னாடி பளபளன்னு இருக்கு.

அம்மா

மார்ச் 11

அம்மா,

உங்க கடிதத்தைப் படிச்ச உடனே இதை எழுதுறேன்.

அது அழுக்கு இல்லம்மா. நாம மூச்சு விடுற ஆக்ஸிஜன், நட்சத்திரத்துக்குள்ள கரியும் ஹீலியமும் சேர்ந்து எப்படி உண்டாகுதுன்னு பாக்கறதுக்கு அவ தன் கையால படிய வெச்ச கரி. அது மேல மாசக்கணக்கா ஹீலியத்தைப் பாய்ச்சினோம். கடைசியில எவ்வளவு கரி மிச்சம்னு அளந்தாத்தான் நாங்க எடுத்த மத்த அளவுக்கெல்லாம் அர்த்தம். அழுதுக்கிட்டே கட்டினதுல நான்தான் அதையும் பெட்டியில போட்டுட்டேன்.

அந்த அளவு இல்லன்னா எங்க ஆராய்ச்சிக் கட்டுரையே வராது, அவ பேரும் வராது. ஒரு வழிதான் இருக்கு. ஆரம்பத்துல அளந்ததையே கொஞ்சம் மாத்திக் கடைசி அளவுன்னு எழுதிடலாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சரின்னு ஒரு வரி போடுங்க.

உங்க வாயாடி

மார்ச் 19

கண்ணு,

இடி விழுந்த மாதிரி உக்காந்திருக்கேன். அடுப்புகூடப் பத்த வைக்கல. அவ கையால படிய வெச்சதை நானே தேச்சு சாக்கடையில விட்டுட்டேனே! நட்சத்திரத்துக் கரிய நான் எங்கடி கண்டேன்? எனக்குத் தெரிஞ்சது சட்டி அடியில இருக்கற கரிதான்.

மொதல்ல சரின்னுதான் எழுதினேன். பெத்தவளுக்கு ஆசை இருக்காதா? கவரை ஒட்டுறப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட ஒரு தடவ அவ வயசுல ரெண்டைக் குறைச்சுச் சொல்லிட்டேன். "அந்த ரெண்டு வருஷம் நான் எங்கம்மா போயிருந்தேன்?"னு கேட்டா. அப்புறம் ஒரு மாசம் என்கூடப் பேசல. எழுதினதைக் கிழிச்சுட்டேன்.

பொய் வேண்டாம்மா. புதுசா ஒரு வில்லை செய். உன் பேரையே போட்டுக்கோ. உன்மேல கோவமில்ல, என் கையத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

இந்தத் தடவ என்கூடப் பேசாம இருக்கறதுக்குக்கூட அவ இல்லையே.

அம்மா