நீ வாசிக்க வேண்டிய பாதி

ஒகேனக்கல் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைத் திறந்ததும் மீன் வறுத்த எண்ணெய் வாசம் கடை முழுக்கப் பரவியது. நீ இருந்திருந்தால் மூடியை முகர்ந்துவிட்டு, "மாதேஷ் வூட்ல மசாலாவ மாத்திட்டாங்கடா மாப்ள" என்றிருப்பாய். பரிசல் ஓட்டும் மாதேஷின் மீன் கடைக்குப் பின்னால் நாம் மாட்டிவிட்டு வந்த வெள்ள சைரன் பெட்டிதான் அது. இடி இறங்கி, உள்ளேயிருந்த குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு கருகிப் போயிருந்தது.

மாதேஷ் போனில் அவசரப்படுத்தவில்லை. "மேல கர்நாடகாவுல மழைங்க. தண்ணி தொறந்து விட்டா எங்களுக்குச் சைரன்தானுங்க. வல போடப் போனவங்க நடு ஆத்துல இருப்பாங்க" என்றார். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பழைய போர்டு இப்போது வருவதில்லை. அதே வடிவில் புது ரகம் ஒன்று கிடைத்தது. நம் ஓவர்லேயை ஏற்றினேன், மறுத்துவிட்டது. உனக்குத் தெரியாததா? ஆனால் இதை உன் வீட்டம்மாவும் படிப்பார்களே என்று எழுதுகிறேன். போர்டின் எந்தப் பின்னில், அதாவது எந்தக் கம்பிக்காலில், என்ன இருக்கிறது என்று சொல்லும் ஃபைலின் பெயர் டிவைஸ் ட்ரீ. அதுதான் அடிப்படை. அதற்கு மேல் நாம் கூடுதலாக மாட்டிய மிதவை சென்சாரையும் சைரனையும் சொல்வது ஓவர்லே. எந்த போர்டுக்கு உரியது என்று அதன் தலையில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் புது போர்டின் பெயரையும் சேர்த்துவிட்டால் மறுபேச்சில்லாமல் ஏறிவிடும்.

பாலக்கோடு தக்காளி மண்டிக்காரரின் குளிர் அறைக்கு நீ அப்படித்தான் சேர்த்தாய். எரர் எதுவும் வரவில்லை. "பாத்தியா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டாய். மறுநாள் அவர் நம் இருவரையும் உள்ளே கூட்டிப்போய், "தக்காளிக்கு வேர்க்குதுப்பா, தொட்டுப் பாருங்க" என்றார். ஃபேனுக்கு நாம் சொன்ன பின்னில் அந்த போர்டு வேறெதையோ வைத்திருந்தது; ஃபேன் ஓடவே இல்லை. திரும்பி வந்து தர்மபுரியில் இறங்கியதும் சொன்னாய்: "எரர் வரலைன்னா ஒத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல மாப்ள."

அதன் பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் நான் ஓவர்லே, அந்தப் பக்கம் நீ அடிப்படை. நான் ஒரு வரி வாசித்தால் அதற்குரிய வரியை நீ தேடி வாசிப்பாய். ஒத்துப்போனால், "சரி, மேல போ" என்பாய். டீக்கடைக்காரர் நாம் ஏதோ ஓதுகிறோம் என்று நினைத்து கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். "ஒரே ஆளு ரெண்டையும் படிச்சா, மனசுல இருக்கறதத்தான் படிப்பான்" என்பது உன் கட்சி.

இப்போது இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியை வாசித்தேன். பிறகு காத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் காத்திருந்தேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நெஞ்சு அடைப்பதை கேஸ் என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டே இருந்தாயே! கபர்ஸ்தானில் உனக்கு மண் அள்ளிப் போட்டபோது வராத அழுகை, அந்தத் தாளைப் பார்த்து வந்தது.

அழுது முடித்து எழுந்து போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடிப்படையை வாசித்தேன். என் இடத்துக்கு வந்து ஓவர்லேயின் அடுத்த வரி. மறுபடி உன் இடம். ஒவ்வொரு வரிக்கும் எழுந்து எழுந்து போனேன். டீக்கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

சைரன் வரியில் நின்றுவிட்டேன். நாம் சைரனுக்குச் சொல்லியிருந்த கம்பிக்கால், புது போர்டில் அதன் சொந்த விளக்குக்குப் போகிறது. பெயரை மட்டும் சேர்த்து அனுப்பியிருந்தால், ஆறு ஏறும்போது மூடிய பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்திருக்கும். ஆற்றில் இருப்பவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

புதிதாக ஓர் ஓவர்லே எழுதினேன். அதையும் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் பெட்டியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். நான் போனில் சொல்லச் சொல்ல மாதேஷ் மாட்டினார். சோதனைக்கு ஊதிப் பார்த்தோம், ஊதியது.

கடை நெருக்கடியாக இருக்கிறது, எதிர் நாற்காலியை எடுத்துவிடு என்கிறார்கள். எடுக்கமாட்டேன். இன்னமும் எந்த வேலையானாலும் பாதியை அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை மாதேஷ் கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி திடுதிப்புனு ஏறிருச்சுங்க. சைரன் ஊதுச்சு. வலைய அப்படியே உட்டுட்டு எல்லாரும் கரையேறிட்டோம். பாய்கிட்டயும் சொல்லிருங்க."

நீ போனதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றேன்.

எல்லாரும் கரையேறிவிட்டார்களாம்டா.